ஒரு ஜாயிண்ட் வெடித்தால் இரண்டு பில்

மழைக்காலம் நெருங்குகிறது. எங்கள் தெருவில் மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். கம்பியை உரசும் நுனிகளை மட்டும் கொய்துவிட்டு, கிளைகளை நடைபாதையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். "அள்ளிப்போட மாட்டீர்களா தம்பி?" என்று கேட்டேன். "அது எஸ்டிமேட்டில் இல்லை சார்" என்றார் ஒருவர். உண்மைதான். அப்படிப்பட்ட எஸ்டிமேட்டுகளை நானே எழுதியிருக்கிறேன்.

மின் பராமரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கோளாறு வெட்டுகிற ஆளிடம் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. எத்தனை மரம், எத்தனை மீட்டர் பள்ளம், எத்தனை ஜாயிண்ட் (இரண்டு கேபிள் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்பு) என்று எண்ணித்தான் காசு கொடுக்கிறோம். மின்சாரம் நிற்காமல் இருந்ததற்கு யாருக்கும் ஒரு பைசா கிடையாது.

ஒரு பள்ளிக்கூட வாசலில் நிலத்தடி கேபிளுக்கு ஜாயிண்ட் போட்டோம். முதல் மழையிலேயே ஈரம் இறங்கி வெடித்தது. கெட்ட பகுதியை வெட்டியெடுத்துத் துண்டு கேபிள் வைத்தால் இரு முனையிலும் ஜாயிண்ட் போட வேண்டும். ஆக, ஒன்று கெட்டதற்கு இரண்டுக்குப் பில். போட்டவர் அதே ஒப்பந்ததாரர். செய்த வேலையை அளந்து பில்லுக்காகப் பதியும் அளவுப் புத்தகத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

கேட்டால், "குறைந்த விலை கேட்டவருக்குத்தான் ஒப்பந்தத்தைத் தர வேண்டும், சட்டம் அப்படி" என்பார்கள். தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆவணத்தில் சொல்லப்பட்ட, அளவிடக்கூடிய காரணிகளுக்கு மதிப்பளித்துக் கணக்கிட இடம் இருக்கிறது. அந்தக் காரணிகளை எழுதத்தான் யாருக்கும் கை வருவதில்லை.

இன்னொரு கூத்து, ஓராண்டு ஒப்பந்தம். ஒப்பந்ததாரர் மாறுவார், ஆட்கள் பெரும்பாலும் அவர்களேதான், புது அடையாள அட்டையோடு. கேபிள் புளியமரத்துக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் போகிறது என்று தெரிந்த பெரியவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். வரைபடத்தில் அது இல்லை. ஓர் ஆண்டு அவரைப் புது ஒப்பந்ததாரர் எடுக்கவில்லை. அந்த மாதமே பொக்லைன் கேபிளைக் கிழித்தது.

பிரிட்டன் இதற்குப் பெரிய விலை கொடுத்தது. ரயில் பாதைப் பராமரிப்பை ஒப்பந்த நிறுவனங்களிடம் விட்டிருந்த நேரத்தில், 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்ட தண்டவாளம் நொறுங்கி, ரயில் தடம்புரண்டு நால்வர் இறந்தார்கள். 2003இல், பாதைகளை வைத்திருக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் பராமரிப்பைத் தானே ஏற்பதாக அறிவித்தது.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பள்ளம் தோண்டுவதும் மரம் வெட்டுவதும் வெளியே போகட்டும். லைன் கிளியர் கொடுப்பது (மின்சாரத்தை நிறுத்தி, வேலை செய்யலாம் என்று அனுமதிப்பது), ஜாயிண்டைச் சோதிப்பது, கேபிள் போகும் வழியைப் பதிவு செய்வது ஆகிய மூன்றும் நிரந்தர ஊழியரிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்காவது இருக்கட்டும். ஜாயிண்ட் இரண்டு மழையைத் தாண்டிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். அதற்குள் வெடித்தால் அவர் செலவு.

கிளைகள் இன்னும் நடைபாதையில்தான் கிடக்கின்றன. அள்ள வண்டி வருமாம். அது வேறு ஒப்பந்தம்.