சிரிப்பதற்கு முன்னால் அந்த அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

சனிக்கிழமையிலிருந்து நெட்டில் நடக்கும் அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். யார், என்ன என்று மறுபடியும் சொல்லப் போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு என்று ஒரு மனிதர் ஆசையாய் வெளிநாட்டில் விற்ற பழைய நின்டெண்டோ வீ (டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி) ஒன்றை வாங்கினார். பிளக்கைச் சொருகினார். 'டப்'. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு அப்புறம் நம் ஆட்கள் ஆடிய ஆட்டத்துக்குத்தான் இந்தப் பதிவு. "பழசு வாங்கினா இப்படித்தான் ப்ரோ." "காயலான் கடைக்குப் போக வேண்டியதை நடு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார்." "இஎம்ஐ-ல புதுசே வாங்கியிருக்கலாமே சார்." இத்தனை பேரில் ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, அந்த அடாப்டரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டீர்களா?

பழசு என்பதால் அது போகவில்லை ஐயா. அமெரிக்காவில் விற்ற வீயின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தது. ஜப்பானில் விற்றது 100 வோல்ட்டுக்கு. நம் வீட்டுச் சுவரில் வருவது 230. லேப்டாப் சார்ஜர் மாதிரி 100 முதல் 240 வரை எதையும் தாங்கும் ஜாதி இல்லை அது. 2006 நவம்பர் 19 அன்று அமெரிக்காவில் வீ விற்பனைக்கு வந்தது. அன்றைக்கே பெட்டி பிரிக்காமல் ஒன்றைக் கொண்டுவந்து இங்கே சொருகியிருந்தாலும் இதே டப்தான் கேட்டிருக்கும். அப்போது அதற்கு வயது ஒரு நாள். அன்றைக்கும் "பழசு" என்று சிரித்திருப்பீர்களா?

இன்னொரு அறிவாளி, "கன்வெர்ட்டர் போட்டுத்தானே சொருகினார், அப்புறமும் போச்சே" என்கிறார். தட்டைப் பின்னை உருண்டைப் பின்னாக மாற்றும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கட்டை பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. வோல்டேஜைக் குறைக்க ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். வீயின் அடாப்டர் வெளியே தருவது 12 வோல்ட், 3.7 ஆம்பியர். பெருக்கினால் 44 வாட் சொச்சம். ஆகவே 100 விஏ (டிரான்ஸ்பார்மர் தாங்கும் சுமையின் அளவு) டிரான்ஸ்பார்மரே தாராளம்; கடைக்காரர் 500 விஏ தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைவிடச் சுலபம், 220-240 வோல்ட் இன்புட் போட்ட வீ அடாப்டரையே வாங்கிவிடுவது. பெட்டிக்குள் போவது எப்படியும் 12 வோல்ட் டிசிதான், பெட்டி எந்த நாட்டில் விற்றது என்பது அடாப்டருக்குப் பிரச்சினையே இல்லை.

அந்த மனிதருக்கு இதையும் யாரும் சொல்லவில்லை. இப்படி 230-ல் சொருகும்போது பெரும்பாலும் செத்துப்போவது அடாப்டர் மட்டும்தான், உள்ளே இருக்கும் பெட்டி பிழைத்துக்கொள்ளும். வேறு நல்ல அடாப்டர் ஒன்றை மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தால் உயிர் இருக்கிறது. அது புரியாமல் "தூக்கிப் போடுங்க" என்று அறிவுரை சொன்னவர்கள் எத்தனை பேர்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சரி, "புதுசு வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்பீர்கள். வாங்கலாம், பணம் இருப்பவர்கள் வாங்கட்டும், நான் யார் தடுக்க? ஆனால் இங்கே பேச்சு குடும்பத்தோடு சேர்ந்து விளையாடுவதைப் பற்றி. புதுப் பெட்டியை இன்றைக்குப் பிரித்தால் முதலில் வைஃபை கேட்கும், அக்கவுண்ட் கேட்கும், அப்டேட் கேட்கும், டிஸ்க் போட்டாலும் பல கேம்கள் இன்னும் சில ஜிபி இறக்கச் சொல்லும். ரெண்டாவது ஆள் ஆட வேண்டுமா, பல பெட்டிகளில் ரெண்டாவது கண்ட்ரோலருக்குத் தனியாக ஒரு பெரிய தொகை. வீயில் டிஸ்க்கைச் சொருகினால் ஆட்டம். நாலு ரிமோட் (கையில் பிடித்து வீசி ஆடும் கண்ட்ரோலர்) வரை சேர்க்கலாம். ரிமோட்டுக்கு ரெண்டு ஏஏ பேட்டரி, ரீசார்ஜ் ஆகும் 1.2 வோல்ட் செல்லும் ஓடும். ஆட்டம் ஓடும்போது பெட்டி இழுக்கும் கரண்ட் 20 வாட்டைத் தாண்டாது, கரண்ட் போனாலும் வீட்டு இன்வெர்ட்டரில் டிவியோடு சேர்த்து ஓட்டலாம். பத்துக் கோடிக்கு மேல் விற்ற பெட்டி, அதனால் அடாப்டர், கேபிள், சென்சார் பார் (டிவி முன்னால் வைக்கும் பட்டை), டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் எல்லாம் இன்னும் கிடைக்கிறது.

பார்த்து வாங்க வேண்டும், அது உண்மை. பார்த்து வாங்காததுதான் தப்பு, பழசு வாங்கியது தப்பில்லை என்றுதான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். என்ன பார்ப்பது?

டிஸ்க் படிக்கிறதா என்று விற்பவர் வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். வீயில் முதலில் நோகும் இடம் லென்ஸ். நம் ஊர்த் தூசியும் கடலோர ஈரக் காற்றும் அதற்கு ஆகாது. வீ ஸ்போர்ட்ஸ் கேம் ஓடியதும் "சூப்பரா ஓடுதே" என்று காசை நீட்டாதீர்கள், அது ஒற்றை அடுக்கு டிஸ்க் (ஒரே தளத்தில் பதிந்தது, படிக்கச் சுலபம்). முடிந்தால் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் ப்ரால் டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது இரட்டை அடுக்கு, அழுக்கு லென்ஸ் அங்கேதான் திணறும். அதையும் படித்துவிட்டால் லென்ஸ் தேறிவிட்டது. திணறினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், லென்ஸ் துடைக்கும் டிஸ்க்கிலேயே பல சமயம் சரியாகிவிடும். கழற்ற வேண்டிய நிலை வந்தால் சாதா ஸ்க்ரூ டிரைவர் உதவாது, மூன்று இதழ் தலை கொண்ட ட்ரை-விங் டிரைவர் வேண்டும்.

திரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி மின்னுகிறதா? பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். அது கிராபிக்ஸ் சிப் சூட்டில் வெந்த அடையாளம், கேபிள் மாற்றினால் போகாது. ஆரம்பகாலப் பெட்டிகளில் வீகனெக்ட்24 என்ற இன்டர்நெட் வசதியை ஆன் செய்து வைத்தால், அணைத்த பிறகும் உள்ளே வேலை ஓடும், ஃபேன் மட்டும் நின்றுவிடும். அப்படி வருஷக்கணக்கில் வெந்தவை அவை. வாங்கியதும் செட்டிங்ஸில் அதை ஆஃப் செய்துவிடுங்கள். அந்தச் சேவையே 2013-ல் நிறுத்தியாகிவிட்டது.

எந்த நாட்டுப் பெட்டி என்பதும் முக்கியம், ஏனென்றால் அமெரிக்கப் பெட்டியில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது. வீ செட்டிங்ஸைத் திறந்தால் மேலே வலது மூலையில் 4.3 போன்ற ஒரு எண்ணும் பின்னால் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். யூ என்றால் அமெரிக்கா, ஈ என்றால் ஐரோப்பா, ஜே என்றால் ஜப்பான். ஐரோப்பிய டிஸ்க் உறையில் வயது 3, 7, 12 என்று எண்ணாகவே போட்டிருக்கும். அமெரிக்க உறையில் எழுத்து இருக்கும். செட்டிங்ஸைத் திறக்கும்போது பின் நம்பர் கேட்டால், முன்பு வைத்திருந்தவர் பிள்ளைகளுக்குப் போட்ட பூட்டு அது. அவரையே எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பும் கறுப்புமாக வரும் வீ மினியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: இன்டர்நெட் இல்லை, எஸ்டி கார்டு இடமும் இல்லை.

ரிமோட்டின் பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வினிகர் தொட்ட பட்ஸால் துடைத்து உலரவிடலாம், ஸ்பிரிங்கே அரித்துப்போயிருந்தால் வேண்டாம். ரிமோட்டில் 'வீ மோஷன்பிளஸ் இன்சைடு' என்று அடியில் எழுதியிருந்தால் அதிர்ஷ்டம், அது கை அசைவை இன்னும் துல்லியமாகப் பிடிக்கும், 2009-ல் வந்த வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டுக்கு அது கட்டாயம். இல்லாவிட்டால் ரிமோட்டின் அடியில் மாட்டும் தனித் துண்டு வேண்டும். நன்சக்கின் (ரிமோட்டில் வயரால் மாட்டும், இன்னொரு கையில் பிடிக்கும் துண்டு) குச்சி தானாக ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் பயப்பட வேண்டாம், குச்சியைத் தொடாமல் வயரைக் கழற்றித் திரும்பச் சொருகுங்கள், நடுப்புள்ளியை அது மறுபடி எடுத்துக்கொள்ளும். ரிமோட் பெட்டியோடு சேரவில்லை என்றால் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானையும், பெட்டியின் முன்னால் எஸ்டி கார்டு மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானையும் அமுக்குங்கள். இது தெரியாமல் "ரிமோட் டெட்" என்று பாதி விலைக்கு விற்றவர்கள் உண்டு.

அதைவிடக் கொடுமை ஒன்று. தெரிந்த வீடு ஒன்றில் சென்சார் பாரின் வயரை எலி கடித்துவிட்டது. கை சுட்டும் இடத்துக்கு அம்புக்குறி வரவில்லை. மொத்தப் பெட்டியையும் பழைய பேப்பர்க்காரரிடம் கொடுத்துவிட்டார்கள், எடைக்கு! சென்சார் பார் என்று பேர்தான் பெரிசு, உள்ளே சென்சாரே கிடையாது. ரெண்டு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் விளக்குகள், அவ்வளவே. பார்க்கும் கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. வயர் கரண்டுக்கு மட்டும். எரிகிறதா என்று போன் கேமராவில் பார்த்தால் ஊதா நிறத்தில் தெரியும் (சில போனில் பின் கேமரா காட்டாது, செல்ஃபி கேமராவில் பாருங்கள்). அந்த வீட்டில் டிவிக்கு முன்னால் சற்று இடைவெளி விட்டு ரெண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தாலே அம்புக்குறி வந்திருக்கும். அதே காரணத்தால்தான் டிவிக்குப் பின்னால் ஜன்னல் வெயில் அடித்தால் அம்புக்குறி தாவுகிறது, திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். உட்காரும் தூரம் ஒன்றிலிருந்து மூன்று மீட்டர்.

டிவி பற்றியும் ஒரு கூட்டம் சிரித்தது. "எச்டிஎம்ஐ-யே இல்லாத பெட்டி!" ஆமாம், இல்லை. கூடவே வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு கேபிளில் படம் மங்கலாகத்தான் இருக்கும். பின்னால் சொருகும் சின்ன எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் கிடைக்கிறது. அதை மாட்டிவிட்டு செட்டிங்ஸில் திரை என்ற இடத்தில் 480பி-யை (வீ தரும் மிகத் தெளிவான படம்) தேர்ந்தெடுக்க வேண்டும், பலர் இதைச் செய்வதே இல்லை. அதற்கு மேல் வீயால் தர முடியாது, கன்வெர்ட்டர் உறையில் 1080பி என்று எத்தனை பெரிதாக அச்சடித்திருந்தாலும் சரி. டிவியில் கேம் மோடைப் போடுங்கள், இல்லாவிட்டால் பந்து போன பிறகு மட்டை வீசும். கிராபிக்ஸ் பற்றிப் பேசுபவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பௌலிங்கில் பத்துக் கட்டையும் ஒரே அடியில் விழும்போது பாட்டி பிக்ஸலை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

நியாயமான கேள்வி ஒன்றே ஒன்று வந்தது: "எல்லாப் பழைய கன்சோலுமே நல்லதா?" இல்லை. 2005 முதல் 2007 வரை வந்த ஆரம்பகால எக்ஸ்பாக்ஸ் 360, குறிப்பாக எச்டிஎம்ஐ இல்லாதது, வேண்டவே வேண்டாம். முன்பக்கம் சிவப்பு வளையம் மின்னிப் பெட்டியே செத்துப்போகும் பிரச்சினைக்காக மைக்ரோசாஃப்ட் 2007-ல் வாரண்டியையே மூன்று வருடமாக நீட்ட வேண்டி வந்தது, செலவு நூறு கோடி டாலருக்கு மேல். பிளேஸ்டேஷன் 2 உறுதியான பெட்டிதான், ஆனால் ரெண்டு கண்ட்ரோலர் சாக்கெட் மட்டும், நாலு பேர் ஆட மல்டிடேப் (ஒரு சாக்கெட்டை நாலாக்கும் துண்டு) தேட வேண்டும். குடும்பத்துக்கு வீ என்று நான் சொல்வது இதையெல்லாம் யோசித்துத்தான். வீயில் ஆன்லைன் ஆட்டம் 2014 மே மாதம் நின்றது, கேம் விற்கும் ஆன்லைன் கடை 2019 ஜனவரியில் மூடியது. "செத்த மிஷின்" என்கிறார்கள். ஏழு வயசுப் பிள்ளை முகம் தெரியாத யாரோடும் பேச முடியாது, அப்பா கார்டில் காசு போட்டு கேமுக்குள் வைரக்கல் வாங்க முடியாது. இது குறையா? நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு வலிப்பது வேறு. ஒருத்தர் பிள்ளைகள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, எல்லோரும் ஒரே டிவி முன்னால் எழுந்து நிற்கட்டும் என்று தன் சம்பளத்துக்கு ஏற்ற ஒன்றைத் தேடி வாங்குகிறார். அதற்குக் கிடைத்த வரவேற்பு இது. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கலாம், செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கலாம், பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் மட்டும் பழசாக வாங்கினால் கேவலம்! ஒரு லட்சம் ரூபாய்ப் பெட்டியை வாங்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுத் தனியாக ஆடுகிறவர் குடும்பப் பொழுதுபோக்கு பற்றிப் பாடம் எடுக்கிறார். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் வீ பௌலிங்குக்கு அணி சேர்த்துப் போட்டியே நடத்தினார்கள். எண்பது வயசுக்காரர்கள். அவர்களிடம் போய் ஃப்ரேம் ரேட் பற்றிச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் மிச்சத்தைச் சொல்கிறேன், சிரிக்கிறவர்கள் போகலாம். ரிமோட்டின் கைவாரை மணிக்கட்டில் மாட்டாமல் யாரையும் ஆட விடாதீர்கள். ரிமோட் பறந்து டிவியில் மோதிய கதைகள் வந்த பிறகு, 2006 டிசம்பரில் நின்டெண்டோவே 0.6 மில்லிமீட்டர் கயிற்றை 1 மில்லிமீட்டராக்கி, 32 லட்சம் வார்களை மாற்றித் தர முன்வந்தது. பழைய பெட்டியோடு மெல்லிய கயிறு வந்தால் மாற்றிவிடுங்கள். சீலிங் ஃபேன் தாழ்வாக இருந்தால் டென்னிஸ் ஆடும்போது உயரமானவர் ஓரமாக நிற்கட்டும். முதல் நாளே நாலு ரிமோட் வாங்க வேண்டாம். வீ ஸ்போர்ட்ஸில் பௌலிங்கையும் கோல்ஃபையும் ஒரே ரிமோட்டை மாற்றி மாற்றிக் கொடுத்து நாலு பேர் ஆடலாம். பாக்ஸிங்குக்கு மட்டும் ஆளுக்கொரு ரிமோட்டும் நன்சக்கும் வேண்டும். ரெண்டாவது ரிமோட்டை, பிள்ளைகள் மரியோ கார்ட் என்ற பந்தய கேமுக்கு அடம் பிடிக்கத் தொடங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.