முஃதஸிலாக்களைப் 'பகுத்தறிவாளர்கள்' என்று சொல்லலாமா?

முஃதஸிலாக்கள் எட்டாம் நூற்றாண்டில் தோன்றிய ஓர் இஸ்லாமிய இறையியல் பிரிவினர். அவர்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலர் 'இஸ்லாமியப் பகுத்தறிவாளர்கள்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நம்மூரில் பகுத்தறிவு என்றாலே கடவுள் மறுப்புதான் நினைவுக்கு வரும். இவர்கள் தர்க்கத்தைக் கையில் எடுத்ததே இறைவனின் ஒருமையையும் நீதியையும் காப்பதற்கு.

மூன்றாம் கலீஃபா உஸ்மானின் கொலை, ஜமல் போர், ஸிஃப்பீன் போர் என்று முஸ்லிமே முஸ்லிமைக் கொன்ற பிறகு ஒரு கேள்வி எழுந்தது: பெரும்பாவம் செய்த முஸ்லிம் முஃமினா (இறைநம்பிக்கையாளனா), காஃபிரா (மறுப்பாளனா)? காரிஜிகள் என்ற பிரிவினர் காஃபிர் என்றார்கள். முர்ஜிஆக்கள் என்ற இன்னொரு பிரிவினர் முஃமின்தான் என்றார்கள். ஈராக்கின் பஸராவில், முஃதஸிலாக்களின் முன்னோடியாகக் கருதப்படும் வாஸில் இப்னு அதா (இறப்பு 748) இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு என்றார்.

'குர்ஆன் படைக்கப்பட்டது' என்ற அவர்களின் வாதத்துக்கும் வேர் தவ்ஹீத், அதாவது இறைவனின் ஒருமைதான். அநாதியானவன், அதாவது தொடக்கமில்லாதவன், இறைவன் ஒருவனே. குர்ஆனும் அநாதி என்றால் அநாதி இரண்டாகிவிடுமே என்று அஞ்சினார்கள். இறைவனின் பேச்சு அவனுடைய பண்பு, அதைத் தனியாக எண்ணக் கூடாது என்பது எதிர்த்தரப்பு.

இது அறிஞர்களுக்குள் நடக்கும் வாதமாகவே நின்றிருக்க வேண்டும். ஆனால் 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்பதை அரசாணையாக்கினார். ஒப்புக்கொள்ளாதவரின் சாட்சியம் நீதிமன்றத்தில் செல்லாது என்றார். அடுத்து வந்த கலீஃபா முஃதஸிம் காலத்தில், அதை ஏற்க மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் கசையடி பட்டார். கலீஃபா முதவக்கில் வந்து நிறுத்தும்வரை ஏறத்தாழ 15 ஆண்டுகள் இந்தக் கட்டாயம் நீடித்தது. முஃதஸிலாக்கள் மக்கள் மதிப்பை இழந்ததற்கு இந்தக் கசை பெரிய காரணம் என்பேன்.

அவர்களுக்குப் பின் சிந்தனையே செத்துவிட்டது என்பதும் தவறு. முஃதஸிலா ஆசிரியர் ஜுப்பாயியிடம் படித்து, பின்னர் அவர்களை எதிர்த்த இறையியலாளர் அஷ்அரி, அவரிடமே கேட்டதாக ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். சகோதரர் மூவர். ஒருவன் நல்லவன், ஒருவன் பாவி, ஒருவன் சிறுவயதிலேயே இறந்தவன். 'நானும் வாழ்ந்திருந்தால் நன்மை செய்து உயர்ந்த இடம் பெற்றிருப்பேனே' என்கிறான் சிறுவன். 'வளர்ந்தால் நீ பாவியாவாய். உன் நன்மைக்காகவே முன்கூட்டி எடுத்துக்கொண்டேன்' என்பது இறைவனின் பதில். உடனே நரகத்திலிருந்து பாவி கேட்கிறான்: 'இறைவா, என்னை ஏன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை?' அடியானுக்கு நல்லதைச் செய்வது இறைவன்மேல் கடமை என்ற முஃதஸிலாக் கொள்கை இங்கே தடுமாறுகிறது. தடுமாற வைத்ததும் தர்க்கம்தான்.

இன்னொன்று. முஃதஸிலா நூல்களில் பெரும்பகுதி காணாமல் போயின. முஃதஸிலா அறிஞர் காழி (நீதிபதி) அப்துல் ஜப்பாரின் பெருநூல் 'அல்முக்னீ' 1950களின் தொடக்கத்தில்தான் யமனில், ஸைதிகள் என்ற ஷியா பிரிவினரின் நூலகங்களிலிருந்து வெளிவந்தது. அதுவும் முழுதாக இல்லை. 20 பாகங்களில் 14தான். அதுவரை உலகம் இவர்களைப் பெரும்பாலும் எதிர்த்தரப்பார் எழுதிவைத்ததைக் கொண்டே அறிந்திருந்தது.