கல்லிடுக்கில் கிடக்கும் தங்கூசி

ஞாயிறு விடியற்காலை டச் பே கடற்கரைப் பக்கம் தூண்டில் போடப் போனேன். வாடைக்காற்று ஓய்ந்து, மாசியில்தான் திருகோணமலைக் கடல் கொஞ்சம் அடங்கும். அதற்காக மூன்று மாதம் காத்திருந்தவன் நான். முதல் எறிவிலேயே கனமாக இழுத்தது. பாரைதான் என்று நினைத்துச் சுற்றினேன். வந்தது யாரோ அறுத்துவிட்டுப் போன தங்கூசிக் கொத்து, அதாவது நைலோன் தூண்டில் நூல், உள்ளே துருப்பிடித்த மூன்று முள். அதைப் பிரிக்கப் போய் என் தங்கூசியும் அறுந்தது. அதில் கட்டியிருந்த ஈயக் குண்டும் போச்சு.

ஈயம் போனால் போகட்டும், வாங்கலாம். ஆனால் நைலோன் உக்காது. எத்தனையோ தலைமுறை தாண்டியும் அந்தக் கல்லிடுக்கிலேயே கிடந்து மீனையும் நண்டையும் ஆமையையும் சிக்க வைக்கும். பக்கத்துப் பிரட்றிக் கோட்டைப் புள்ளிமான்கள் இரை தேடிக் கடற்கரை வரை எங்கெல்லாம் திரிகின்றன என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். போன வருசம் ஒரு குட்டியின் பின்னங்காலில் தங்கூசி இறுகி, அது நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கிட்டப் போனால் ஓடுகிறது, பிடிக்கவும் முடியவில்லை. இன்னும் அந்தக் கால் கண்ணுக்குள் நிற்கிறது.

சிக்கினால் அறுக்கத்தான் வேண்டும், சரி. கையில் மிஞ்சுகிற துண்டைச் சுருட்டிப் பைக்குள் போட எவ்வளவு நேரமாகும்? நான் ஒரு பழைய சோடாப் போத்தல் கொண்டுபோகிறேன். அன்று மீன் ஒன்றும் இல்லை, போத்தல் மட்டும் நிரம்பிவிட்டது.