பஸ் காசையும் கணக்கில் சேர்த்த ஆஸ்பத்திரி

எங்கள் ஊரில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி பற்றிப் பேச்சு வந்தால் உடனே வந்து விழும் வார்த்தை 'சேவை'. எனக்கு அந்த வார்த்தையில் கொஞ்சம் சலிப்பு. சேவை என்று கும்பிட்டுவிட்டால் அதற்கப்புறம் யோசிக்க வேண்டியதில்லை. அங்கே நடப்பதில் பெரும்பங்கு கணக்கு. நல்ல மனசோடு போட்ட கணக்கு.

என் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்று ஆரம்பித்து, கடைசியில் திண்ணையை விட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டு, ஆபரேசன் இலவசம் என்றார்கள். அப்பத்தா கேட்டது இதுதான்: "மருதைக்குப் போக வர பஸ்ஸுக்கு யாரு குடுப்பா? சோத்துக்கு? துணைக்கு வர்றவனுக்குக் கூலி போயிருமே?"

ஆரம்ப காலத்தில் இதே காரணத்தால்தான் முகாமில் பெயர் கொடுத்த பலர் ஆபரேசனுக்கு வரவில்லை. வேறு இடமாக இருந்தால் 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு அறிக்கை எழுதி முடித்திருப்பார்கள். இவர்கள் முகாமிலிருந்தே வண்டியில் ஏற்றிப் போய், சோறு போட்டு, ஆபரேசன் முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். அப்பத்தாவும் அப்படித்தான் போனாள்.

டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976ல் 11 படுக்கையோடு தொடங்கியது இது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர். அவர் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறோம். எனக்கு அதைவிட ஆபரேசன் தியேட்டர்தான் ஆச்சரியம். ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை. ஒன்றில் முடிக்கும்போதே அடுத்ததில் ஆள் தயார். மற்ற வேலையெல்லாம் கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் கையில். புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலை விற்றபோது, 1992ல் ஆரோலேப் என்று ஒரு தொழிற்சாலை தொடங்கி மதுரையிலேயே செய்தார்கள். விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது.

காசு கொடுப்பதா, இலவசமா என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. தாலுகா ஆபீஸ் படி ஏறியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இப்போது இன்னொரு முகாம். வேறொரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். 'இலவச சர்க்கரைப் பரிசோதனை' என்று நோட்டீஸ் பார்த்து என் மாமா போனார். சர்க்கரை பார்த்தது இலவசம்தான். அப்புறம் எக்கோ, ஸ்கேன், இன்னும் என்னென்னவோ என்று எழுதிக் கொடுத்து, சாயங்காலம் வரும்போது ஏழாயிரம் காலி. உடம்பில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அந்த மகிழ்ச்சியில் மாமா சண்டை போடவும் மறந்துவிட்டார்.

கண் வேறு, இதயம் வேறு என்பீர்கள். சரி. புரை ஆபரேசன் சில நிமிட வேலை, ஐசியு வேண்டாம், பெரும்பாலும் எதிர்பார்த்தபடியே முடியும். பைபாஸையோ டயாலிசிஸையோ இதே வேகத்தில், இதே செலவில் செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரவிந்தில் டாக்டர்களுக்கு மாதச் சம்பளம்; எத்தனை ஆபரேசன், எத்தனை டெஸ்ட் என்று எண்ணிக் காசு கிடையாது. இதற்கு என்ன தனி மெஷின் வேண்டும்? எவ்வளவு செலவாகும் என்று சேரும்போதே சொல்வதற்கு எந்த ஸ்பெஷலிஸ்ட் வேண்டும்? நகரத்து நடுவில் இடம் பிடித்து, முகாம் என்று ஊருக்குள் வருகிற எந்த ஆஸ்பத்திரியிடமும் இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அப்பத்தாவின் இரண்டாவது கண்ணுக்கு, காசு கட்டித் தனி ரூமில் சேர்க்கலாம் என்று சித்தப்பா பிடிவாதம் பிடித்தார். அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. பாய் போட்ட பெரிய ஹாலில்தான் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்குமாம். போன தடவை பக்கத்துப் பாயில் இருந்த செக்கானூரணிக்காரியின் மகள் கல்யாணத்துக்கு அவளுக்கு அழைப்பும் வந்திருந்தது.