வாக்கா வாக்கா யாருடைய பாட்டு?

நேற்றிரவு நேரலையில் இருந்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. கால்பந்து உலகக் கோப்பைப் பாட்டுகளிலேயே எது உசத்தி என்று பேச்சு போனது. எல்லோரும் 2010-இல் ஷகீரா பாடிய வாக்கா வாக்கா என்றார்கள், நானும் அதைத்தான் சொன்னேன். கூடவே, "அந்தப் பல்லவி கேமரூன்காரர்களுடையது" என்றேன். "வந்துட்டாருய்யா ஆராய்ச்சியாளர்" என்று ஆரம்பித்தவர்கள் பத்து நிமிஷம் விடவில்லை.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். 1986-இல் கோல்டன் சவுண்ட்ஸ் என்ற கேமரூன் குழு 'சங்கலேவா' என்றொரு பாட்டை வெளியிட்டது. அதிபரின் மெய்க்காவல் படையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ராணுவ உடுப்புக்குள் தலையணையைத் திணித்துக்கொண்டு, பெரிய தொப்பையோடு ஆடுவார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பரவி, கடல் தாண்டி கொலம்பியா வரை போன பாட்டு. 2010-இல் கொலம்பியாவின் ஷகீரா பாடியது அந்தப் பல்லவியைத்தான். ஷகீரா பாடக்கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? அந்தக் கேமரூன் குழுவின் பேரையும் சொல்லுங்கள் என்கிறேன். அவ்வளவுதான் கேட்கிறேன், பேரைச் சொல்லுங்கள்.

எனக்கும் இது பிறக்கும்போதே தெரிந்ததல்ல. 2010-இல் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் அந்தப் பல்லவியைக் கத்தியவன் நான். பல வருஷம் கழித்து 'சங்கலேவா' காதில் விழுந்தபோது, "ஷகீரா பாட்டை யாருடா காப்பியடிச்சது?" என்றுதான் கேட்டேன். வருஷத்தைப் பார்த்ததும் அவமானமாகிவிட்டது. அந்த அவமானத்தில்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அதான் அந்தக் குழுவோடு உடன்பாடு ஆகிவிட்டதே, உனக்கென்ன?" என்பீர்கள். ஆகட்டும், நல்லது. ஆனால் கேட்கிறவனுக்கு அந்தப் பேர் வந்து சேர்ந்ததா? "தென்னாப்பிரிக்காவின் ஃப்ரெஷ்லிகிரவுண்ட் குழுவும் சேர்ந்துதானே பாடியது?" நியாயமான கேள்வி. நேற்று அத்தனை பேர் பேசினீர்களே, ஒருவர் வாயிலாவது அந்தப் பேர் வந்ததா? "ஆடுற பாட்டுக்கு எதுக்கு வரலாறு?" என்பவர்களிடம் நான் பேசத் தயாராக இல்லை.

இன்னொருவர் வேவின் ஃபிளாக்தான் 2010-இன் அதிகாரப்பூர்வப் பாட்டு என்று அடித்துச் சொன்னார். அது கோகோ கோலாவின் விளம்பரப் பாட்டு. அதையாவது முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பாடிய கெனான் சோமாலியாவில் பிறந்தவர். தன் மண்ணை நினைத்து, போரையும் வறுமையையும் வைத்து எழுதிய பாட்டு. உலகக் கோப்பைக்கு வந்தபோது அந்த வரிகள் போய், கொண்டாட்டம் மட்டும் மிஞ்சியது. வலியைக் கழித்துவிட்டு மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி?

2014-இல் பிரேசிலுக்கே இதுதான் நடந்தது. இசையில் ஊறிய அந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையின் பாட்டில் முன்னால் நின்றவர்கள் அமெரிக்கப் பாடகர்கள் பிட்புல்லும் ஜெனிஃபர் லோபஸும். பிரேசில் பாடகி கிளாடியா லெய்ட்டே வாயில் கொஞ்சம் போர்த்துகீசியம். பிரேசில்காரர்கள் கோபப்பட்டதில் என்ன தப்பு? 1990-இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பைக்கு அந்த நாட்டுப் பாடகர்கள் நன்னினியும் பென்னாட்டோவும் தங்கள் மொழியில் பாடினார்கள். ஒரு வார்த்தை புரியாத எனக்கே இன்றைக்கும் சிலிர்க்கிறது. சொந்த மொழியில் பாடினால் உலகம் கேட்காது என்று யார் சொன்னது?

முகம் தெரியாதவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. ஆனால் 2010-இல் என் தோளில் கைபோட்டு, அர்த்தம் தெரியாத அந்தப் பல்லவியைத் தொண்டை கிழியப் பாடியவனும் நேற்று அந்த நேரலையில் இருந்தான். டேய், நீயாவது சிரிக்காமல் இருந்திருக்கலாம்.