சமையல் வேலைக்கு வருகிறீர்களா? வாங்க, ஆனால் ஒரே மாதிரி கிச்சனில் நின்றுவிடாதீர்கள்

மே மாதம் வந்தால் போதும், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "பையன் நல்லா சமைக்கிறான் சார், யூடியூப் பார்த்தே பிரியாணி போடுறான், செஃப் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், சேர்த்துவிடலாமா?" சேர்த்துவிடலாம். எந்த காலேஜ், எடுத்த எடுப்பில் என்ன சம்பளம் என்று அடுத்துக் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடலாம், ஒன்றும் ரகசியம் இல்லை. ஆனால் போனில் சொல்லி முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதிவைக்கிறேன், இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

நம் ஊரில் சமையல் தொழில் இரண்டு பாதியாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் நட்சத்திர ஹோட்டல்: வெள்ளைக் கோட்டு, கமிஸ் (கற்றுக்குட்டி), சிடிபி (ஒரு பிரிவைப் பார்ப்பவர்), சூ செஃப் (தலைமை செஃப்புக்கு அடுத்தவர்) என்று படிப்படியாகப் பதவி, சுவரில் ஒட்டிய ரெசிபி கார்டு. இன்னொரு பக்கம் மெஸ், டிபன் கடை, பரோட்டாக் கடை, கல்யாண மண்டபம். அங்கே சாம்பார், குருமா, கூட்டு எல்லாம் பார்க்கிற சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், ஸ்வீட் மாஸ்டர். ஹோட்டல்காரர்களுக்கு மாஸ்டர்கள் "படிக்காத ஆளுங்க", மாஸ்டர்களுக்கு ஹோட்டல்காரர்கள் "தட்டுல கோலம் போடுறவங்க". இரண்டு பக்கமும் நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தக் கிச்சனும் பாதித் தொழிலைத்தான் கற்றுக்கொடுக்கும். மீதிப் பாதியை நாமே தேடிப்போய் வாங்கவேண்டும். நாற்பது வயதுக்கு மேலும் சலிப்பில்லாமல் இந்த வேலையில் நிற்பவர்களை எண்ணிப்பாருங்கள், பெரும்பாலும் அப்படி வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள்.

முதலில் மாஸ்டர் பக்கம். விடியற்காலையில் ஒரு சரக்கு மாஸ்டருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அண்டாவில் காய் வெந்துகொண்டிருக்கும். புளி கரைத்துத் தயாராகப் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் தொடமாட்டார். நாம் அவசரப்பட்டு எடுத்தால் கையைத் தட்டிவிடுவார். "இப்ப ஊத்துனா காய் முறைச்சுக்கிட்டு நிக்கும்டா." அவர் சொல்வது அப்படியே ரசாயனம். காயின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் லேசில் இளகாது, அதனால் புளித்தண்ணீர் விழுந்த பிறகு நெடுநேரம் கொதித்தாலும் காய் விரைப்பாகவே இருக்கும். பருப்புக்கும் இதே கதைதான். மாஸ்டருக்கு பெக்டின் என்ற சொல் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. சாம்பாரைக் கரண்டியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார், அது விழுகிற கனத்தைப் பார்த்தே இன்னும் எத்தனை செம்பு தண்ணீர் தாங்கும் என்று சொல்லிவிடுவார். உப்பைக் கையில் அள்ளித்தான் போடுவார். கல்யாண சமையலில் சில பெரியவர்கள் வாயில் வைத்துப் பார்க்கவே மாட்டார்கள், ஆவியை முகர்ந்தே உப்பு குறைகிறது என்பார்கள். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இது பீலா மாதிரி இருக்கும்.

தோசை மாஸ்டரிடம் வேறு பாடம். கல்லில் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் ஒரு தேய் தேய்ப்பார். அந்த 'சுர்' சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் அவர் சூட்டை அளக்கிறார். சூடு அதிகம் என்றால் மாவு கல்லில் பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். குறைவு என்றால் தோசை வெளுத்துப்போய் ரப்பராகும். மே மாதச் சென்னையில் மதியத்துக்குள் பொங்கி வழிகிற அதே மாவு, டிசம்பர் ஊட்டியில் மறுநாள் காலையிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். உளுந்து அரைக்கும்போது கிரைண்டர் சூடேறினால் ஐஸ் தண்ணீர் விடவேண்டும். இதையெல்லாம் கார்டில் எழுதிவைக்க முடியும், ஆனால் கார்டைப் படித்துக் கை பழகாது.

இவ்வளவு இருந்தும் அந்த மாஸ்டரின் வாழ்க்கை ஏன் பெரும்பாலும் இழுபறியாகவே போகிறது? அவர் கையில் காகிதம் இல்லை. பிஎஃப் கிடையாது, ஈஎஸ்ஐ கிடையாது, அனுபவச் சான்று கிடையாது. முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பார், அது கழியும்வரை நகர முடியாது. முதலாளிக்கும் அவரை நம்பமுடியாது, ஏனென்றால் சால்னாவின் பக்குவம் முழுக்க அவர் தலைக்குள் இருக்கிறது, அவர் ஊருக்குப் போனால் கடையே படுத்துவிடும். தான் செய்கிற குருமா ஒரு கிண்ணத்துக்கு என்ன அடக்கமாகிறது என்று அவருக்கே தெரியாது. தெரியாததால் சம்பளம் உயர்த்திக் கேட்கும்போது பேச ஒரு கணக்கும் கையில் இல்லை, கோபித்துக்கொண்டு கிளம்புவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த பேரம்.

அந்தக் கணக்கு நட்சத்திர ஹோட்டல் பக்கத்தில் கிடைக்கும். அந்தக் கிச்சனின் அடுக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1870இல் பிரஷ்யாவுடனான போரில் பிரெஞ்சு ராணுவத்துக்குச் சமைத்த ஓகஸ்ட் எஸ்காஃபியே என்ற பிரெஞ்சுச் சமையல்காரர், 1890இல் லண்டன் சவாய் ஹோட்டல் கிச்சனுக்குப் பொறுப்பேற்றார். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், பேஸ்ட்ரிக்கு ஒருவர் என்று ராணுவம் போலவே வேலையைப் பிரித்து அடுக்கியவர்களில் அவர் பெயர்தான் நிலைத்தது. இன்று சென்னை ஹோட்டலில் "எஸ் செஃப்!" என்று கத்துவது அந்த வழியில் வந்ததுதான். (நம் கல்யாண சமையல் குழுவிலும் தலைமைச் சமையல்காரர், ஸ்வீட்டுக்கு ஆள், கோட்டை அடுப்புக்கு ஆள், காய் நறுக்க ஆள் என்று இதே அடுக்கு உண்டு. யாரும் உட்கார்ந்து எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.)

சரி, நட்சத்திர ஹோட்டல் கிச்சனில் என்ன கற்கலாம்? கிலோ 800 ரூபாய்க்கு வஞ்சிரம் வாங்குகிறீர்கள், தலை, வால், குடல் போக முக்கால் பங்குதான் துண்டாகத் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் மீன் கிலோ 800 இல்லை, 1,067. 150 கிராம் துண்டு ஒன்றுக்கு 160 ரூபாய். அதை 300 ரூபாய்க்கு மெனுவில் போட்டால் பாதிக்கு மேல் மீனுக்கே போய்விட்டது, இன்னும் எண்ணெய், மசாலா, கேஸ், கரண்ட், உங்கள் சம்பளம் எல்லாம் பாக்கி. பொருள் செலவு விற்கிற விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கவேண்டும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்கிற கணக்கு. இந்தக் கணக்கு தெரிந்த சமையல்காரரிடம் முதலாளி பேசுகிற தொனியே வேறு, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சூடும் குளிரும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவு எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆபத்து. மீந்த குருமாவை அண்டாவோடு மூடிவைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். பெரிய கிச்சன்களில் அதை ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து, 60இலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள் இறக்குவார்கள். சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது, ஆகவே "சுடவச்சுட்டா சரியாயிடும்" என்பது சரிவராது. பொரிக்கிற எண்ணெயில் டிபிசி, அதாவது திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெய் சிதைந்து சேர்கிற பொருட்களின் அளவு, 25 சதவீதம் தாண்டினால் தூக்கிப்போட வேண்டும், 2018 ஜூலை முதல் இது சட்டம். எத்தனை பஜ்ஜிக் கடையில் அந்த மீட்டர் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் நட்சத்திர ஹோட்டலிலேயே முழுக்க வளர்ந்த பிள்ளைகளிடமும் ஓட்டை இருக்கிறது. கறி வெட்டி வருகிறது, கிரேவி மொத்தமாகத் தயாராகி வருகிறது, ஆர்டர் தட்டு வெளியே போகிற நேரத்தில் பேனில் போட்டு முடித்துக் கொடுப்பதுதான் வேலை. சில வருடம் அதையே செய்துவிட்டு, முழுக் கோழியை எதிரில் வைத்தால் எங்கிருந்து கத்தியை வைப்பது என்று திணறுகிற சிடிபிகளைப் பார்த்திருக்கிறேன். நாற்பது பேருக்கு ரசம் வை என்றால் கார்டைத் தேடுவார்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான். படிப்பதென்றால் படியுங்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியான ஐஎச்எம் இருக்கிறது, அதற்கு நுழைவுத்தேர்வு எழுதவேண்டும். திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரி என்றால் விளம்பர நோட்டீஸைக் கீழே வைத்துவிட்டு நேரில் போய் கிச்சனைப் பாருங்கள், எத்தனை அடுப்பு, வாரத்தில் எத்தனை நாள் மாணவன் கையில் கரண்டி வருகிறது, டிரெய்னிங்குக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். "ஆறே மாசத்துல கப்பல் வேலை" என்பவர்களிடம் மட்டும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கப்பலுக்குப் போக எஸ்டிசிடபிள்யூ என்ற கடல் பாதுகாப்புப் பயிற்சி, சிடிசி என்ற கப்பல் பணியாளர் அடையாளப் புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலாக ஹோட்டல் அனுபவம் வேண்டும். கப்பலில் பணம் வரும், உண்மைதான், தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன் என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் மாதக்கணக்கில் வார விடுமுறையே இல்லாமல் ஒரே செக்‌ஷனில் நிற்கப்போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஹோட்டலில் சேர்ந்த பிறகு எல்லோரும் போகாமல் நழுவப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு, ஸ்டாஃப் கேன்டீன் கிச்சன். அங்கே கேட்டுப் போங்கள். தினமும் நூற்றுக்கணக்கான சக ஊழியர்களுக்குப் பொரியல், குழம்பு, மோர் என்று முழுச் சமையல், அதுவும் கையைக் கட்டிப்போட்ட பட்ஜெட்டில். உப்பு கூடினால் புகார் மேனேஜர் வழியாகச் சுற்றி வராது, ஹவுஸ்கீப்பிங் அக்கா நேராக வந்து "என்னய்யா இது?" என்பார். இவ்வளவு சீக்கிரம் வேறெங்கும் கை தேறாது. அதன்பிறகு ஒரு முகூர்த்த சீசன், தை, வைகாசி, ஆவணி, ஏதாவது ஒரு கல்யாண கான்ட்ராக்டரோடு சுற்றுங்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் போகவேண்டும், டிப்ளமோ வைத்திருக்கிறேன் என்று வாய்திறந்தால் பாத்திரம் கழுவத்தான் விடுவார்கள்.

மாஸ்டர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த கைவேலையைச் சோதித்து சான்றிதழ் தருகிற ஆர்பிஎல் என்ற ஏற்பாடு 2015இல் தொடங்கிய மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் உண்டு. உணவைப் பாதுகாப்பாகக் கையாளச் சொல்லித்தருகிற, உணவுப் பாதுகாப்புத் துறையின் ஃபாஸ்டாக் (FoSTaC) பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டு வாங்கி, போடுகிற மசாலாவை எடைபோட்டு எழுத ஆரம்பியுங்கள். "எழுதிக் குடுத்துட்டா என்னைத் துரத்திட்டு வேற ஆளை வச்சுப்பான்" என்ற பயம் நியாயமானதுதான். முதலாளிக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? உங்களுக்காக எழுதுங்கள். நாளைக்கு நீங்களே கடை போடும்போது உங்களிடம் வேலை பார்க்கிற அசாம் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க அது வேண்டும். அசாம், ஒடிசா பிள்ளைகள் இன்று நம் ஊர் பரோட்டாவும் சாம்பாரும் அருமையாகப் போடுகிறார்கள். வேலையைப் பறித்துவிட்டார்கள் என்று புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை, நம் பிள்ளைகள் வர மறுத்த விடியற்காலை ஷிப்டுக்கு அவர்கள் வந்தார்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. காலேஜில் நன்றாகச் சமைத்த எத்தனையோ பெண்களை, வேலைக்கு வந்ததும் "பேக்கரிக்குப் போம்மா, ஃப்ரண்ட் ஆபீஸ் பார்ம்மா" என்று தள்ளிவிடுகிறார்கள். ஹாட் கிச்சன், அதாவது அடுப்பு வேலை, கேளுங்கள், விடாமல் கேளுங்கள். அண்டா தூக்க ஆள் வேண்டும் என்பார்கள். அண்டாவை எந்த ஆணும் தனியாகத் தூக்குவதில்லை, இரண்டு பேர்தான் பிடிக்கிறோம்.

உடம்பு பற்றி வயசுப் பிள்ளைகளிடம் சொன்னால் காதில் ஏறாது. வழுக்காத நல்ல ஷூவுக்கு முதல் மாதச் சம்பளத்திலேயே செலவு பண்ணுங்கள், கால் நரம்பு சுருண்டுகொண்டால் பிறகு அழுது பயனில்லை. பிரேக் ஷிப்டில் மதியம் கிடைக்கும் இடைவெளியில் தூங்கிவிடுங்கள். ராத்திரி வேலை முடிந்த பிறகும் உடம்பு ஓடிக்கொண்டே இருக்கும், தூக்கம் வராது, நான் பார்த்த மிகச் சிறந்த கைகள் சில அந்த நேரத்துக் குடியில்தான் போயின. இன்னொன்று, தட்டை விட்டெறிகிற, அம்மாவைச் சேர்த்துத் திட்டுகிற செஃப்பிடம் "தொழில் கத்துக்கிறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் கீழே வேலை பார்த்திருக்கிறேன். அவரிடம் கற்ற எல்லாவற்றையும் பிறகு வந்தவர் குரல் உயர்த்தாமலே சொல்லிக்கொடுத்தார்.

சரி, எந்தக் கிச்சனில் சேர்வது? போர்டில் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்காதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு ஈஎஸ்ஐ உண்டு, இருபது பேர் என்றால் பிஎஃப் உண்டு. இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்டதுமே முகம் சுளித்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். டிரயலுக்குக் கூப்பிட்டால் கொஞ்சம் முன்னதாகவே போய், வேலை பார்க்கிறவர்களுக்கு அன்றைக்கு என்ன சாப்பாடு என்று பாருங்கள். எல்லோரும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறார்களா, இல்லை நேற்றைய மிச்சத்தை நின்றுகொண்டே விழுங்குகிறார்களா? நான் இப்போதும் ஆள் எடுக்கும்போது ஸ்டாஃப் சாப்பாட்டைத்தான் முதலில் சமைக்கச் சொல்கிறேன். ஒரு குழம்பு, ஒரு பொரியல், நேரம் பதினொன்றரை வரை.