எது கூடுதல் கட்டணம்? அதையாவது சொல்லுங்கள்!

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்கு பேர் போய்வர எவ்வளவு ஆகும்? பதினைந்து வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன், இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அரிசி விலை தெரிகிறது, பள்ளிக் கட்டணம் ஜூன் மாதமே தெரிந்துவிடுகிறது. சொந்த ஊருக்குப் போகும் செலவு மட்டும் பஸ்ஸில் ஏறி உட்காரும் வரை தெரியாது.

பொங்கலுக்கு ரயில் டிக்கெட் எடுக்க 60 நாளுக்கு முன்பே, காலை 8 மணிக்குக் கைப்பேசியோடு உட்கார்ந்தேன். பணம் கட்டி முடிப்பதற்குள் காத்திருப்போர் பட்டியல். நகரும் நகரும் என்று இரண்டு மாதம் நம்பியிருந்தோம். நகரவில்லை. டிக்கெட் தானாகவே ரத்தானது. ஆளுக்கு 60 ரூபாய், நான்கு பேருக்கு 240 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். விதி அப்படித்தானாம். ரத்து செய்தது நான் இல்லையே! இடம் கொடுக்காததற்கு என்னிடம் எதற்குப் பிடித்தம்? தட்கல் போகலாமென்றால் ஸ்லீப்பருக்கு 100 முதல் 200 ரூபாய் வரை கூடுதல், உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. பிரீமியம் தட்கலோ இடம் குறையக் குறைய ஏறிக்கொண்டே போகும். மல்லிகைப்பூவா விற்கிறார்கள், வேளைக்கொரு விலை வைக்க?

அம்மாவுக்கு 67 வயது. 2020 மார்ச் வரை 58 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அடிப்படைக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி இருந்தது. கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போயிற்று, சலுகை வரவில்லை. இதற்கு மேல் வயிற்றெரிச்சல், டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அந்த ஒரு வரி: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே வசூலிக்கிறதாம். மீதி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சரக்கு ரயில் வருமானத்திலிருந்து. அந்தச் சரக்குக் கட்டணத்தை அரிசியிலும் சிமென்டிலும் கொடுப்பது யார்? நாங்கள்தானே! பிறகு ஏன் தர்மம் செய்ததுபோல் ஒவ்வொரு டிக்கெட்டிலும் சொல்லிக்காட்ட வேண்டும்?

கடைசியில் ஆம்னி பஸ். சாதாரண நாளில் 900 ரூபாய் கேட்கும் அதே படுக்கைக்கு 2,800 ரூபாய். அதே வண்டி, அதே சாலை, அதே கிழிந்த திரைச்சீலை. நான்கு பேருக்கு 11,200 ரூபாய், அதுவும் போவதற்கு மட்டும்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் அறிவிப்பு வருகிறது, கூடுதல் கட்டணம் வசூலித்தால் கடும் நடவடிக்கை என்று. எதைவிடக் கூடுதல்? அரசு பஸ்ஸுக்குக் கிலோமீட்டர் கணக்கு உண்டு. 2018 ஜனவரியில் சாதாரணப் புறநகர் பஸ்ஸுக்கு 42 பைசாவாக இருந்ததை 60 பைசாவாக ஏற்றினார்கள். மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டதும் சில நாட்களிலேயே 58 ஆக்கினார்கள். குறைந்தது இரண்டே பைசா, ஆனாலும் கேட்க முடிந்தது. ஏனென்றால் அங்கே ஓர் எண் இருந்தது. ஆம்னி பஸ்ஸுக்கு அந்த எண்ணே கிடையாது. அவை ஒப்பந்த ஊர்தி உரிமத்தில் ஓடுகின்றன, அதனால் அரசு கட்டணம் நிர்ணயிப்பதில்லை. ஆளாளுக்குத் தனி டிக்கெட் கொடுத்து, வழியெல்லாம் நிறுத்தி ஆள் ஏற்றும் வண்டி எப்படி ஐயா ஒப்பந்த வண்டி ஆகும்? கல்யாண வீட்டுக்காரர்கள் மொத்தமாகப் பேசி எடுக்கும் வண்டியும் இதுவும் ஒன்றா? உச்சவரம்பு வையுங்கள். டீசல், சுங்கக் கட்டணம், திரும்பும்போது காலியாக வரும் நஷ்டம் எல்லாவற்றையும் சேர்த்தே வையுங்கள், நியாயமாக இருந்தால் கொடுக்கிறோம். ஆனால் அதை எழுதி, பஸ் நிலையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள்!

திரும்பி வர இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. காலையில் பார்த்தபோது 2,400 ரூபாய். இதை எழுதும்போது 2,650.